முதல் டம்ளர்

டாக்டர் வயதில் சின்னவர். தலையைக் குனிந்து கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வெத்தலை பாக்கு போடுவீங்களா?"

"இல்லீங்க சார்."

"புகையிலை?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க."

"டீ, காபி ரொம்ப சூடாக் குடிக்கிற பழக்கம் இருக்கா?"

தனம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். சிரமப்பட்டுத் திரும்பி, ஒரே ஒருதரம் பார்த்தாள்.

பிறகு டாக்டரிடம் சொன்னாள். "இல்லீங்க சார். ஆறவச்சித்தான் குடிப்பேன்."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தச் சின்ன அறையில் பினாயில் வாசனையும், வெளியே யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் சாம்பார் வாசனையும் கலந்து அடித்தது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் சொன்னது பச்சைப் பொய். அது பொய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் யாரும் கிடையாது.

சிரிப்பாக எழுதச் சொன்ன தங்கைக்கு

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். "எஸ்தர்க்கா, டீ டைம் பற்றி எழுதுங்கள், எங்கள் லைனே விழுந்து விழுந்து சிரிக்கும்" என்று.

சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன், தங்கச்சி. மூன்று தாள் கிழித்தாயிற்று. டீ டைம் என்று எழுதினாலே தனம் வந்து நிற்கிறாள். அவள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

ஆகவே இந்த வாரம் சிரிப்பு இல்லை. வேண்டாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

பத்து நிமிஷம்

எங்கள் கம்பெனி பள்ளிகொண்டாவைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்போம். அப்பர் என்று சொல்வோம். ஒரு லைன் என்றால் வரிசையாக நாற்பது மெஷின், நாற்பது பெண்கள். முதல் மெஷினில் தைத்த துண்டு இரண்டாவதுக்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதுக்கு. கடைசி மெஷினுக்கு வரும்போது அதற்கு ஷூவின் முகம் வந்திருக்கும்.

அந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர். முதல் மெஷின் தனம்.

விரிஞ்சிபுரத்துக்காரி. கணவருக்கு அரக்கோணத்தில் காண்டிராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். தனத்தின் கைவேகம் யாருக்கும் வராது. பேச்சும் அப்படித்தான், படபடவென்று. பஸ்ஸில் என்னை அக்கா என்பாள். ஃப்ளோருக்குள் கால் வைத்தால் மேடம். அந்த வாசற்படியில் எப்படித்தான் மாற்றுவாளோ, ஒருநாளும் தவறியதில்லை.

காலையில் டீக்குப் பத்து நிமிஷம். பெல் அடித்ததும் நாற்பது பேரும் எழுந்து, நாற்பது பேரும் ஒன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் மெஷினிலிருந்து துண்டு வரும்வரை இரண்டாவது சும்மா இருக்கும். இரண்டாவது தரும்வரை மூன்றாவது சும்மா. கடைசி மெஷினுக்கு வேலை போய்ச் சேர்வதற்குள் என் டார்கெட் கோவிந்தா.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்போது அதை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. டீ கேன் லைனுக்கு வந்ததும் முதல் டம்ளர் தனத்துக்கு. அவள் மூன்று நிமிஷத்தில் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் திரும்பும்போது அவள் தைத்த துண்டுகள் தட்டில் தயாராக இருக்கும். லைன் ஒரு விநாடிகூட நிற்காது.

அவளுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. எங்கள் ஃப்ளோரில் முதல் டம்ளர் என்றால் மரியாதை. மற்றவர்கள் கேனைச் சுற்றி இடித்துக்கொண்டு நிற்கும்போது, தனத்துக்கு மட்டும் சூப்பர்வைசர் கையால் டம்ளர் போகிறது. சிலருக்கு வயிற்றெரிச்சல். தனத்துக்கு முகமெல்லாம் பல்.

கேன் அடுப்பிலிருந்து நேராக வரும். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். கேண்டீன் பாய் ஒருதரம் டம்ளரை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சூடு ஜாஸ்திம்மா. கொஞ்சம் ஆறட்டும். இப்டியே ஊத்திக்கினா உள்ள இன்னா ஆவும்?"

"பாய், டைம் கம்மி. நீ குடு."

தனம் புடவைத் தலைப்பில் டம்ளரைப் பிடிப்பாள், இரண்டே மடக்கு. கண்ணில் தண்ணீர் முட்டும், கையால் துடைத்துக்கொள்வாள். வாய்க்குள் காற்றை இழுத்து ஒரு ஊது. உட்கார்ந்துவிடுவாள். லைனே கைதட்டும். நானும்தான்.

இப்படி எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வருஷங்களில் சிறந்த லைனுக்கான ஷீல்டு எங்களுக்குத்தான் வந்தது. அதை வாங்க மேடை ஏறியது நான்.

அமிர்தியில் பெல் கிடையாது

ஒரு ஆயுதபூஜை முடிந்த ஞாயிறு, லைன் முழுக்க வேன் வைத்துக்கொண்டு, அருவியும் சின்ன மிருகக்காட்சிசாலையும் இருக்கும் அமிர்திக்குப் போனோம். அருவியில் தண்ணீர் பேருக்குத்தான் விழுந்தது. ஆனாலும் பெண்கள் போட்ட கூச்சலில் கூண்டுக்குள் இருந்த மயில் ஓரமாகப் போய் ஒண்டிக்கொண்டது.

மரத்தடியில் டீ வாங்கினோம். எல்லாரும் ஊதி ஊதி, கதை பேசிப் பேசிக் குடிக்கிறார்கள். தனம் இரண்டு மடக்கில் முடித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் போக மெஷின் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"இன்னாமே, யாரு தொரத்துறா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"மெதுவாக் குடிக்க வரமாட்டேன்னுது கா" என்று என்னிடம் சொல்லி அவளும் சிரித்தாள்.

மதியம் ஆம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு போன பிரியாணியைப் பிரித்தோம். தனம் கறியை எல்லாம் பக்கத்து இலைக்குத் தள்ளினாள். சோற்றைக் கத்திரிக்காய் தொக்கு ஊற்றிக் கூழாகப் பிசைந்தாள். பல் வலி என்றாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். பார்த்தேன். பல் வலி என்று நானும் நம்பிவிட்டேன்.

பல் வலிக்கிறவள் ஏன் நெஞ்சைத் தடவிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது.

கேஸ் மாத்திரை

அதற்குப் பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். "அக்கா, சோறு இங்க வந்து நிக்கிது. தண்ணி குடிச்சா எறங்குது." விரலால் நெஞ்சின் நடுவைத் தொட்டுக் காட்டினாள்.

"கேஸா இருக்கும்" என்றேன். முதலுதவிப் பெட்டியில் இருந்து ஒரு கேஸ் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மறுவாரமும் கொடுத்தேன். டாக்டருக்குப் படித்தவள்போல, வெறும் வயிற்றில் போடு என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

சோறு நிற்கும்போது அதைத் தள்ளிவிட அவள் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். சுடச்சுட டீ. சூட்டுக்கு இளகி இறங்கிவிடுமாம். முதல் டம்ளரை இப்போது இன்னும் ஆசையாக வாங்கினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி. மற்றவர்கள் டப்பாவைக் கழுவி வைத்த பிறகும் தனம் உட்கார்ந்திருப்பாள். ஒரு வாய், தண்ணீர், காத்திருப்பு. மறுபடி ஒரு வாய். பெல் அடித்து ஐந்து நிமிஷம் கழித்து வருவாள். முதல் மெஷின் ஐந்து நிமிஷம் நின்றால் மொத்த லைனும் நிற்கும். எனக்கு மேலே இருந்தவர் என்னைக் கேட்டார். நான் தனத்தைக் கேட்டேன், நாற்பது பேர் முன்னால்.

"இன்னா தனம், சோத்த எண்ணி எண்ணித் துன்றியா?"

மறுநாளிலிருந்து டப்பா கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "காலையிலயே ஜாஸ்தி சாப்ட்டேன் மேடம், பசிக்கல" என்றாள். மதிய பெல் அடிப்பதற்கு முன்பே மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. என் லைன் சரியாக ஓடியது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதைப் பார்த்து, "டயட்டா?" என்று கிண்டல்கூடச் செய்தேன்.

வெள்ளைத் தோல்

அன்று வெள்ளை அப்பர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வந்தால் எல்லாரும் கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும், ஒரு கறை பட்டாலும் பீஸ் ரிஜெக்ட்.

தனம் முதல் டம்ளரை வாங்கினாள். ஒரு மடக்கு. உள்ளே போனது அப்படியே மேலே வந்தது. வாயிலும் மூக்கிலும் டீ. இருமிக்கொண்டே மெஷின் மேல் குனிந்துவிட்டாள். தட்டில் இருந்த துண்டுகள் எல்லாம் நனைந்துவிட்டன.

"பீஸு, பீஸு" என்று கத்திக்கொண்டு ஓடினேன். முதலில் தட்டைத்தான் இழுத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைப் பிடித்தேன்.

பிடித்த பிறகுதான் தெரிந்தது. தோளில் சதையே இல்லை. குழந்தையைத் தூக்குவதுபோல இருந்தது.

"தண்ணி கூட சரியா எறங்கல மேடம்" என்றாள். மூச்சு வாங்கியது. "நாலு நாளா."

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு கட்டி. எப்படிப்பட்ட கட்டி என்பதைச் சதை எடுத்துப் பரிசோதித்து ஒரு வாரத்தில் சொன்னார்கள். அந்த ஒரு வாரமும் நான் மண்டி போட்டு ஜெபம் செய்தேன். வந்த பதில் புற்றுநோய் என்றுதான் இருந்தது.

அந்த டாக்டர் வெற்றிலை, புகையிலை, சூடான டீ என்று கேட்டது இந்தப் பதில் வந்த அன்றுதான்.

யார் பேரை எழுதுவார்கள்

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் தனம் அப்டி சொன்ன?"

"உன் பேர எழுதிடுவாங்கன்னு பயந்துட்டேன் கா."

எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஃப்ளோரில் யாருக்காவது அடிபட்டால் முதலில் ஒரு ஃபாரம் வரும். எப்படி ஆச்சு, மெஷினில் பாதுகாப்பு இருந்ததா, அப்போது சூப்பர்வைசர் யார். கேட்டுக்கேட்டு எழுதுவார்கள். எழுதினால் மேலே போகும், சூப்பர்வைசருக்கு மெமோ வரும். ஆகவே தைக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே பதில் மனப்பாடம். என் தப்புதான் சார்.

பல வருஷத்துக்கு முன் தனத்தின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி மறுபக்கம் வந்தது. ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பை, வளைத்துத் தைக்கும்போது வேகம் குறைகிறது என்று கழற்றச் சொன்னது நான். ஃபாரம் வந்தபோது, கட்டுப் போட்ட விரலோடு அவள் சொன்னாள். "நானேதான் கழட்னேன் சார்." நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம்தான் அவளுக்கு முதல் டம்ளர் கொடுக்க ஆரம்பித்தேன். நன்றி சொல்வதற்கும் எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டையும் அவள் அந்த ஃபாரம் என்றே நினைத்துவிட்டாள். சாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இவள் என் மெமோவைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

"அது வேற, இது வேற தனம். இது மருந்துக்குக் கேக்குறாங்க."

"எதுக்குக்கா வம்பு" என்றாள்.

திரும்ப உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

ஒரு நோட்டீஸ்

விஷயம் பரவியதும் கம்பெனியில் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். உணவுக்குழாயைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். நல்ல நோட்டீஸ்தான், குறை சொல்ல முடியாது. மெதுவாக மென்று சாப்பிடுங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்காதீர்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். நெஞ்செரிச்சல் நீடித்தால் நீங்களே மாத்திரை போட்டுக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். விழுங்குவது சிரமமானால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

அதை மைக்கில் படிக்கும் பொறுப்பு சூப்பர்வைசர்களுக்கு. வேலை கெடக்கூடாது என்பதற்காக டீ டைமில் படிக்கச் சொன்னார்கள்.

படித்து முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. மீதி இருந்த நாலு நிமிஷத்தில் லைனில் இருந்த எல்லாரும் கேனைச் சுற்றி முண்டியடித்து, ஆவி பறக்கும் டீயை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு மெஷினுக்கு ஓடினார்கள்.

டீக்கு ஐந்து நிமிஷம் கூட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கிறதே என்றார்கள்.

மறுபடியும் அந்த அறை

ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்து, அது வழியாகப் பாலும் கஞ்சித் தண்ணீரும் சிரிஞ்சில் விடச் சொன்னார்கள். "வாயக் கேக்காமலே வவுறு ரொம்புதுக்கா" என்று சொல்லி தனம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் ஒரு மதியம். அவள் கணவர் அரக்கோணத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இளம் டாக்டர் ரவுண்டு முடித்துத் தன் அறைக்குப் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன்.

"சார், அன்னிக்கு தனம் சொன்னது பொய். தினம் கொதிக்கிற டீதான் குடிச்சா. நான்தான் குடுத்தேன். எழுதிக்குங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்ப எழுதி ஒண்ணும் மாறப்போறதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சோறு மாட்ட ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். அதான் வருத்தம். அவங்க சரியா சாப்பிடலன்றத கூட இருந்தவங்க யாருமே பாக்கலியா?"

டீயைச் சொல்லி என் பாரத்தை இறக்கிவிட்டு வரலாம் என்று போனவள் நான். அவர் சோற்றைக் கேட்கிறார்.

"நான் பாத்தேன் சார்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? அக்காவா?"

"சூப்பர்வைசர்" என்றேன். "அவ சாப்ட எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கறதுதான் என் வேல."

அவர் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அதைத் தொடாமல் எழுந்தேன்.

வார்டுக்கு வந்தேன். தனம் விழித்திருந்தாள். உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தார் அவள் கணவர். குரல் காற்றாகத்தான் வந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"எங்கக்கா போன, இவ்ளோ நேரம்?"

"டீ குடிக்கப் போனேன்."

என் முகத்தையே பார்த்தாள். அழுத கண்ணை அவளிடம் மறைக்க முடியாது. ஆனாலும் அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

"ஆறவச்சிக் குடிச்சியா?"

"ஆமாம் தனம்" என்றேன். "ஆறவச்சித்தான் குடிச்சேன்."